மேல்வரிசை முன்பல் நான்கு

ம்தாதா டாக்ஸி நிறுத்தத்துக்கு மேலே
மாடியில் என் பட்டறை.
மெழுகு, பிளாஸ்டர், இளஞ்சிவப்பு அக்ரிலிக்.
கீழேயிருந்து நாளெல்லாம் ஊர்ப்பெயர்கள்.

கூவுகிறவர் நோசாவே.
கோப்பில் அப்படித்தான் எழுதியிருந்தேன். தப்பு.
அந்தச் சா சா அல்ல.
நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி
வெடுக்கென்று பிய்த்தால் வருவது.

ஹை-ஏஸ் வண்டிக் கதவொன்று
மாதக் கடைசி வெள்ளிக்கிழமை
அவர் மேல்வரிசையில் நாலைத் தட்டிக்கொண்டு போனது.
திங்களன்று ஒலிபெருக்கியைப் பிடித்தார்.
கும்பு வண்டி நிறைந்தது.
சாலா வண்டி காலியாய் நின்றது.
சாலா, சோஃபிம்வாபா, ங்சோபோ,
பல்லில் பிறக்கிற ஊரெல்லாம்
வரைபடத்திலிருந்து உதிர்ந்துவிட்டன.

அவர்கள் 'தயவுசெய்து'விலும் அதே ஒலி.
'மன்னிக்கவும்' கன்னத்தோரம் பிறப்பது, தப்பித்தது.
என் நாற்காலியில் உட்கார்ந்து
மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எஃப் சொல்லச் சொல், எஸ் சொல்லச் சொல்,
ஆங்கிலத்தில் அறுபத்தாறு எண்ணச் சொல்,
விசில் வராவிட்டால் பல் சரி.
சென்னையில் நான் செய்த எழுநூறு செட்டும்
அப்படித்தான் தேறின.
இதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை.

நோட்டில் தமிழில் குறித்துக்கொள்ளப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பத்தாறும் கைவிரித்தன.
மிஞ்சியது ஃ.
மேல்புள்ளி அண்ணத்துக்கு,
கீழிரண்டில் ஒன்று பல்லுக்கு, ஒன்று கன்னத்துக்கு.
எங்கே பிறப்போ அந்தப் புள்ளிக்குச் சிவப்பு வட்டம்.
ழ பற்றி அவரிடம் நான் பெருமை பேசவில்லை.

தெரியாத ஒலியும் இல்லை.
பஸ் போய்விட்டால், பால் திரிந்தால்,
பக்கத்து வீட்டில் யாரோ தவறினால்
உச்சுக் கொட்டுகிறோமே, அது.
மாட்டை முடுக்கக் கன்னத்தைச் சொடுக்குகிறோமே, அது.
சுவரில் பல்லி சொன்னால் பலன்கூடப் பார்க்கிறோம்.
ஆனால் எல்லாம் வாசலோடு சரி,
செருப்பு மாதிரி.
உள்ளே வந்து ஒரு சொல்லில் உட்கார விட்டதில்லை.
இங்கே அதன்மேல் ஆ ஏறுகிறது, ஓ ஏறுகிறது,
மூக்கொலி முன்னால் வந்து கைபிடித்து அழைத்துப்போகிறது.
எங்கள் உச்சு
உயிர் ஏறாத மெய்.

உந்தியிலிருந்து காற்று கிளம்பினால்தான் எழுத்து
என்று படித்தவள் நான்.
இது கிளம்புவதே இல்லை.
வாய்க்குள் ஒரு சிறு வெற்றிடம்,
அதில் ஓர் ஊர் விழுகிறது.

முதல் மெழுகில் பல் ஒரு மில்லிமீட்டர் முன்னால்.
ஃஆலா, நனைந்த தீக்குச்சி.
இரண்டாவதில் பற்றிக்கொண்டது.
பூமேஸா கைதட்டினாள்.
அந்தக் கைதட்டல் முடியுமுன்
கும்பு போய்விட்டது!
அண்ணத்தில் நான் பூசிய தகடு தடிமன்,
நாக்கு மேலே ஒட்ட வழியின்றி வழுக்கியது.
ஓரூரைக் கொடுத்து ஓரூரைப் பிடுங்கியிருந்தேன்.

தேய்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். தேய்த்தேன்.
இதற்குமேல் உடைந்துவிடும் என்ற இடத்தில்
கோலி சோடா திறப்பதுபோலத்
திறந்தது கும்பு.

கண்ணாடி நீட்டினேன், வாங்கவில்லை.
ஜன்னலைத் தள்ளிக் கீழே பார்த்து
ஒரே ஒரு தடவை கூவினார்.
ரோட்டை பாதி கடந்திருந்த ஓர் ஆள்
தலைச்சுமையோடு அப்படியே திரும்பி
சாலா வண்டிக்கு நடந்தார்.
பிறகுதான் பணத்தை எண்ணி வைத்தார்,
இருபது ராண்ட் குறைவாக.

நேற்று ஒரு அச்சு கைதவறி விழுந்து நொறுங்கியது.
உச்சுக் கொட்டினேன்.
பூமேஸா வேலையை நிறுத்தி நிமிர்ந்தாள்.
"ம், சொல்லுங்க" என்றாள்,
மீதிச் சொல்லுக்காக.